‘வித்தியாசம் இல்லை’ என்று வந்த ஆய்வேடு: தருமபுரி இளம் மருத்துவருக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு ஆண்டு ஓ.பி.யில் உட்கார்ந்து நோயாளிகளைச் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, மாதிரிகளை லேப்புக்கு அனுப்பி, எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்றி முடித்தபின் பி வேல்யூ 0.41 என்று வருகிறது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அடுத்து என்ன செய்வது? பெரும்பாலான முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டை பைண்டு செய்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறார்கள். பக்கத்து யூனிட் நண்பருக்கு 0.03 வந்திருக்கும். அவர் கட்டுரை எழுதி ஜர்னலுக்கு அனுப்புகிறார், அச்சாகிறது.

இப்படி ஒரு பக்க முடிவுகள் மட்டும் அச்சேறி, மறுபக்கத்தவை அலமாரியில் தங்கிவிடுவதால் மருத்துவ அறிவில் விழும் கோணலுக்குப் பப்ளிகேஷன் பயாஸ், அதாவது வெளியீட்டுச் சாய்வு என்று பெயர். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையை நேர்மையாகச் செய்திருந்தாலும் மொத்தக் கணக்கு தப்பாகிவிடும். அதனால்தான் இது ஆபத்தானது. இதைக் கண்டுபிடிக்கவும் ஓரளவு சரிசெய்யவும் வழிகள் உண்டு. அவற்றில் பாதி, அரசு தருமபுரி மருத்துவக் கல்லூரியில் சின்னாப்சிஸ் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு முதலாண்டு மாணவரின் கையிலேயே இருக்கின்றன.

நம் மாவட்டத்துக் கேள்வி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. பல்லில் பழுப்புக் கறை, முதுகிலும் மூட்டிலும் இறுக்கம் என்று வருபவர்களை இங்கே வேலை பார்த்த எந்த மருத்துவரும் பார்த்திருப்பார். புளிக்கும் இந்த மாவட்டம் பேர்போனது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 2002-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளிச் சிறுவர்கள் சிலருக்குத் தினமும் 10 கிராம் புளி கொடுத்தபோது, சிறுநீர் வழியாக ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியது என்பது அதன் முடிவு. நல்ல கேள்வி, சுவையான முடிவு. இதைப் படிக்கும் தருமபுரி மாணவருக்கு, இங்கேயும் செய்து பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு.

ஒரு கணக்குக்காக, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் சேர்த்து 20 மாணவர்கள் இதே கேள்வியைத் தனித்தனியாகச் செய்து பார்க்கிறார்கள் என்று வையுங்கள். புளிக்கு உண்மையில் எந்தப் பயனும் இல்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும் 20-ல் சராசரியாக ஒன்றில் பி வேல்யூ தற்செயலாகவே 0.05-க்குக் கீழே வரும். அந்த ஒன்று மட்டும் அச்சேறினால், நாளை பென்னாகரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரும் மருத்துவர் கூகுளில் தேடும்போது பார்க்கப்போவது அதை மட்டும்தான். மற்ற 19 பேரின் உழைப்பும், ஒப்புதல் கொடுத்த நோயாளிகளின் பங்களிப்பும் கணக்கிலேயே வராது.

முதல் நோயாளிக்கு முன் பதிவு

எல்லாவற்றிலும் வலுவான மருந்து முன்பதிவு. ஆய்வு தொடங்கும் முன்பே ‘இதைத்தான் செய்யப்போகிறேன், இதைத்தான் அளக்கப்போகிறேன்’ என்று பொதுவெளியில் எழுதிவைத்துவிட்டால், அது பிறகு காணாமல் போக முடியாது. முடிவு வராவிட்டாலும், ஆய்வு ஒன்று நடந்தது என்ற தடயமாவது இருக்கும்.

இந்தியாவில் இதற்கான இடம் சி.டி.ஆர்.ஐ. என்னும் மருத்துவ ஆய்வுப் பதிவேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்துவது, 2007 ஜூலை 20-ல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை இயக்ககம் மருந்து ஆய்வுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 2018 ஏப்ரல் 1-க்குப் பிறகு, ஆய்வைத் தொடங்கிவிட்டுப் பின்னால் வந்து பதிவு செய்யும் வழியும் அடைக்கப்பட்டது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிவு எண் கையில் இருக்க வேண்டும்.

மாணவர்கள் இதைக் கம்பெனி மருந்துகளுக்கான சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதுநிலை ஆய்வேடா என்று கேட்கும் கட்டமே படிவத்தில் இருக்கிறது. மருந்து கொடுக்காமல் கவனிக்க மட்டும் செய்யும் ஆய்வுகளையும் ஏற்கிறார்கள். கட்டணம் கிடையாது. கையில் தயாராக வைத்திருக்க வேண்டியது எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிக் கடிதம், கைடின் விவரம், முதன்மை அவுட்கம் என்ன, எந்த நாளில் அளப்பீர்கள், எத்தனை பேர் என்ற பதில்கள். படிவத்தை அனுப்பிய மறுநாளே எண் வந்துவிடாது. பதிவேட்டு அலுவலகத்திலிருந்து திருத்தம் கேட்டு எழுதுவார்கள், நீங்கள் பதில் போட வேண்டும், இரண்டு மூன்று சுற்றுகூட ஆகலாம். எத்திக்ஸ் கடிதம் வந்த வாரமே உட்கார்ந்துவிடுங்கள்.

முதன்மை அவுட்கம் என்ற கட்டத்தில் அக்கறையாக இருங்கள். ‘ஃப்ளோரோசிஸ் குறைதல்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ‘30-ஆம் நாள் காலைச் சிறுநீரில் ஃப்ளோரைடு அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில், அயன் செலக்டிவ் எலக்ட்ரோடு முறையில்’ என்று எழுதுங்கள். இவ்வளவு துல்லியமாக எழுதினால் பிறகு உங்களாலேயே அதை நெளிக்க முடியாது. நடுவில் உண்மையான காரணத்தோடு மாற்ற வேண்டி வந்தால் மாற்றலாம், மாற்றிய தடம் தேதியோடு பதிவேட்டில் நிற்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைடிடம் பேசுவது

பதிவு செய்வது சுலபம். கஷ்டம், முடிவு வந்தபின் டிபார்ட்மென்ட்டில் நடக்கும் பேச்சு. ‘சிக்னிஃபிகன்ட் வரலையா? வேற ஏதாவது பாராமீட்டர்ல பாரு. பெண்களை மட்டும் தனியா பிரிச்சுப் பாரு’ என்று கைடு சொல்லலாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்கும் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும், மாணவருக்கும் ஒரு பப்ளிகேஷன் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணமும் இருக்கும். எதிர்த்துப் பேசுவது பயன் தராது, பேசாமல் தலையாட்டுவது அதைவிட மோசம். ஆவணத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்:

“சார், சின்னாப்சிஸ்ல முதன்மை அவுட்கம்னு போட்டது சிறுநீர் ஃப்ளோரைடு. சி.டி.ஆர்.ஐ.லயும் அதுதான் இருக்கு. வலி ஸ்கோர்ல வந்த வித்தியாசத்தை ரெண்டாவதா சேர்த்து எழுதிடறேன் சார். அதை முதன்மையா மாத்தினா ரிவ்யூவர் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்துட்டுக் கேட்பாங்க, நம்ம ரெண்டு பேர் பேரும்தான் அடிபடும்.”

இதை அமைதியாகச் சொன்னால் பெரும்பாலான கைடுகள் ஒப்புக்கொள்வார்கள். பாதுகாப்பு அவருக்கும் சேர்த்துத்தானே. அதற்கும் மேலே ஒரு வாதம் வேண்டுமென்றால், தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது.

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அன்றைய மருத்துவ உலகம் நம்பியதைச் சோதித்துப் பார்த்தது. காசநோயாளி சானடோரியத்தில் படுத்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, ஓய்வெடுத்தால்தான் குணமாவார் என்பது அந்த நம்பிக்கை. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். நோயாளிகள் 200 பேருக்கும் குறைவு. 1959-ல் முடிவு வெளியானது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இந்த ‘வித்தியாசம் இல்லை’தான் உலகம் முழுக்க சானடோரியங்களைத் தேவையற்றதாக்கி, காச மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. இன்று ஏரியூரில் ஒரு கூலித் தொழிலாளி வேலைக்குப் போய்க்கொண்டே காசத்துக்கு மாத்திரை சாப்பிட முடிகிறதென்றால், அதன் வேர் சென்னையில் நடந்த அந்த ஆய்வில் இருக்கிறது.

இரண்டாவது உதாரணம் இன்னும் துணிச்சலானது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஊசி போட்டு, இரண்டு வகை வீரியமுள்ள உண்மையான ஊசியை வெற்று ஊசியோடு ஒப்பிட்ட மாபெரும் வேலை. 1979-ல் வந்த முதல் அறிக்கை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்றது. தேசமே ஊசி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த முடிவை யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் வெளியிட்டார்கள், தொடர்ந்து கண்காணித்து 15 ஆண்டு முடிவையும் 1999-ல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசவகைகளுக்கு ஊசி உதவுகிறது என்பதால் பிறந்த குழந்தைக்குப் போடுவது தொடர்கிறது. பெரியவர்களுக்கு வேறு தடுப்பூசி தேட வேண்டும் என்ற தெளிவு உலகுக்குக் கிடைக்க இந்த ஆய்வு பெரும் காரணம். ‘நெகட்டிவ் ரிசல்ட் யார் போடுவாங்க?’ என்று கேட்பவரிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

வெளியிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் போதும். 1980-ல் பிரிட்டனில் லோர்கைனைடு என்ற இதயத்துடிப்பு மருந்தை மாரடைப்பு சந்தேகப்பட்ட 100-க்கும் குறைவான நோயாளிகளிடம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 9 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் ஒருவர். தற்செயல் என்று நினைத்தார்கள். மருந்தும் வணிகக் காரணங்களால் கைவிடப்பட்டது, கட்டுரையும் அச்சேறவில்லை. 1980-களில் அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் ஏராளமான நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டன. அவை உயிரிழப்பைக் கூட்டுகின்றன என்று 1989-ல் காஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வு காட்டியது. 1993-ல் அந்தப் பிரிட்டிஷ் மருத்துவர்களே தங்கள் பழைய முடிவை வெளியிட்டு, முன்பே வந்திருந்தால் எச்சரிக்கையாக இருந்திருக்கும் என்று எழுதினார்கள். சிறிய ஆய்வுதானே என்று விட்டுவிடும் மாணவர் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: 9, 1.

எப்படி எழுதுவது, எங்கே அனுப்புவது

‘வித்தியாசம் இல்லை’ கட்டுரையில் மாணவர்கள் செய்யும் பெரிய பிழை, பி வேல்யூ 0.05-க்கு மேல் வந்ததைப் ‘பயனில்லை என்று நிரூபணமானது’ என்று எழுதுவது. அது சரியல்ல. கான்ஃபிடன்ஸ் இன்டர்வெலைப் போடுங்கள். புளி சாப்பிட்டவர்களின் சிறுநீர் ஃப்ளோரைடு சராசரி வித்தியாசம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், எல்லை மைனஸ் 0.2 முதல் பிளஸ் 0.4 வரை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குப் பலன் தர 1 மில்லிகிராமாவது கூட வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், அந்த அளவுப் பலன் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று தைரியமாக எழுதலாம். எல்லை மைனஸ் 2 முதல் பிளஸ் 3 வரை என்றால், ஆய்வு சிறியது, எதுவும் சொல்ல முடியவில்லை என்பதுதான் நேர்மை. இரண்டும் அச்சேறத் தகுந்தவை. இரண்டாவது வகையும் நாளை யாரோ ஒருவரின் மெட்டா அனாலிசிஸில் ஒரு வரியாகச் சேரும்.

ரேண்டமைஸ்டு ஆய்வென்றால் கன்சார்ட் பட்டியல், கவனிப்பு ஆய்வென்றால் ஸ்ட்ரோப் பட்டியல், இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பதிவு எண்ணைச் சுருக்கத்திலேயே போடுங்கள். முடிவின் சுவாரசியத்தைப் பார்க்காமல் முறை சரியா என்று மட்டும் பார்க்கும் ப்ளாஸ் ஒன் போன்ற ஜர்னல்கள் 2006 முதல் இருக்கின்றன. கட்டணம் அதிகம் என்பதால் சலுகை கேட்டு எழுதிப் பாருங்கள். அதுவரை காத்திருக்காமல் மெட்ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாக முன்பதிப்பாகப் போடலாம், அனுப்பவிருக்கும் ஜர்னல் முன்பதிப்பை ஏற்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ‘மூன்று நாளில் அக்செப்டன்ஸ்’ என்று மெயில் அனுப்பும் ஜர்னல்கள் பக்கமே போகாதீர்கள். அங்கே போன நல்ல ஆய்வையும் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

மனிதரிடம் செய்யும் ஆய்வில் எதிர்மறை முடிவையும் தெளிவற்ற முடிவையும் வெளியிட்டே ஆக வேண்டும் என்று ஹெல்சின்கி பிரகடனம் சொல்கிறது. ஆய்வு முடிந்த 12 மாதத்துக்குள் சுருக்க முடிவு பதிவேட்டிலும், 24 மாதத்துக்குள் ஜர்னலிலும் வர வேண்டும் என்ற 2017-ஆம் ஆண்டுக் கூட்டறிக்கையில் ஐ.சி.எம்.ஆர். கையெழுத்திட்டிருக்கிறது. எத்திக்ஸ் கமிட்டியில் உட்காரும் பேராசிரியர்கள் இதை நினைவில் வைத்து, முடிந்த ஆய்வுகளின் நிலை என்ன என்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்டாலே பாதி வேலை முடியும் என்பது என் உறுதியான கருத்து.

மற்றவர் ஆய்வில் கண்டுபிடிப்பது

இனி மறுபக்கம். சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்ய உட்காரும்போது, காணாமல் போனவற்றை எப்படித் தேடுவது?

பப்மெட்டில் தேடி முடித்தவுடன் நிறுத்தாதீர்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தைத் திறங்கள். முதுநிலை ஆய்வேடுகள் முழுமையாக அங்கே கிடக்கின்றன. பி வேல்யூ எதுவாக இருந்தாலும் பட்டம் வாங்க ஆய்வேட்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், ஜர்னல்களில் இருக்கும் சாய்வு அங்கே மிகக் குறைவு. மாணவர் அலமாரியில் வைத்துவிட்டதாக நினைத்த முடிவு பொதுவெளியில் திறந்தே கிடக்கிறது, தேடுவார்தான் இல்லை. பி.எச்டி. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. பிறகு சி.டி.ஆர்.ஐ., அமெரிக்கப் பதிவேடு, எல்லா நாட்டுப் பதிவேடுகளையும் ஒரே இடத்தில் தேடவைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் தளம். பதிவாகி முடிந்து, கட்டுரை வராத ஆய்வுகளைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள். அந்த ஆய்வாளர்களுக்கு மரியாதையாக, சுருக்கமாக ஒரு மெயில், பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. ‘முடிவு எப்படி வந்திருந்தாலும் சேர்த்துக்கொள்வோம், உங்கள் பெயரைக் குறிப்பிடுவோம்’ என்ற வரியை மறக்காதீர்கள்.

பதிவேட்டையும் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு எரிக் டர்னர் என்ற மனநல மருத்துவர் 2008-ல் வெளியிட்ட கணக்கே சாட்சி. மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துத் துறையிடம் பதிவாகியிருந்த 74 ஆய்வுகளை எடுத்தார். மருந்துக்குச் சாதகம் என்று துறை கருதியவை 38, அவற்றில் 37 அச்சேறியிருந்தன. சாதகமில்லாத, அல்லது சந்தேகமான 36-ல் 22 அச்சேறவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகம் போலத் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தன. உள்ளபடி வந்தவை 3. ஜர்னலை மட்டும் படித்த மருத்துவருக்கு ஏறக்குறைய எல்லா ஆய்வும் வெற்றி.

அடுத்தது படம். ஃபனல் பிளாட் எனும் புனல் வரைபடத்தில் கிடைமட்டமாகப் பலனின் அளவு, செங்குத்தாக ஆய்வின் துல்லியம். பெரிய ஆய்வுகள் உச்சியில் நெருங்கி நிற்கும், சிறியவை கீழே இரு பக்கமும் சிதறும். சாய்வு இல்லாவிட்டால் கவிழ்த்துவைத்த புனல் மாதிரித் தெரியும். ‘பலனில்லை’ என்று சொல்லும் சிறிய ஆய்வுகள் நிற்க வேண்டிய கீழ் மூலை வெறுமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் கோணலை எண்ணாகச் சொல்வது 1997-ல் வந்த எகர் சோதனை. ஆர் மென்பொருளில் மெட்டாஃபார் என்ற இலவசத் தொகுப்பில் இரண்டே கட்டளையில் படமும் சோதனையும் வந்துவிடும்.

வந்துவிடும் என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். 10 ஆய்வுகளுக்குக் குறைவாக இருந்தால் எகர் சோதனைக்குப் பலமில்லை. 5 ஆய்வை வைத்துக்கொண்டு ‘சாய்வு இல்லை’ என்று எழுதுவது வெறும் ஆறுதல். கோணல் தெரிந்தாலும் அது சாய்வாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. சிறிய ஆய்வுகளில் நோய் முற்றியவர்களைச் சேர்த்திருந்தாலும் படம் கோணும். விடுபட்ட புள்ளிகளைத் தானாக நிரப்பும் டிரிம் அண்ட் ஃபில் முறையில் வரும் திருத்திய எண்ணை உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், முடிவு எவ்வளவு ஆட்டம் காணும் என்று பார்க்க மட்டும் அது உதவும்.

தருமபுரிக்காரர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. ஃப்ளோரோசிஸ் எத்தனை சதவீதம் என்று கணக்கெடுக்கும் ஆய்வுகள், ஏற்கெனவே பல்கறை அதிகமென்று தெரிந்த ஊர்களைத் தேடிப் போகின்றன. கறை இல்லாத ஊர் கட்டுரையாவதில்லை. இந்தச் சாய்வைப் புனல் படம் காட்டாது. ஊர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒவ்வொரு கட்டுரையிலும் படித்துத்தான் பிடிக்க முடியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தபின் பிறந்த குழந்தைகளுக்கு நிலைப்பற்கள் முளைத்துவிட்டன. அவர்களுக்குக் கறை குறைந்திருக்கிறதா என்று கணக்கெடுக்க இதுதான் சரியான காலம். குறைந்திருந்தாலும் குறையாவிட்டாலும் அந்த எண் வெளியே வந்தாக வேண்டும், குறையாத ஊரில்தான் குழாயை இன்னும் பார்க்க வேண்டியிருக்கும்.

திருத்தம் என்பது எப்படி நடக்கிறது என்று காட்ட வைட்டமின் ஏ கதை இந்தியர்களுக்கு நெருக்கமானது. 1990-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளைச் சேர்த்துச் செய்த ஆய்வில், வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்றவர்களிடம் இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. ஹைதராபாத் பக்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் கொடுத்த ஆய்வில் வித்தியாசம் இல்லை. இரண்டும் அச்சேறின, அதுவே நல்ல செய்தி. 1993-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது இறப்பு 23 சதவீதம் குறைவதாக வந்தது. பிறகு உத்தரப் பிரதேசத்தில் 72 வட்டாரங்களில், சுமார் 10 லட்சம் குழந்தைகளோடு டெவ்டா என்ற ஆய்வு 1999-ல் தொடங்கியது. அதன் முடிவு லான்செட்டில் வந்தது 2013-ல். இறப்பில் கண்ட வித்தியாசம் 4 சதவீதம்தான், தற்செயலாகவும் இருக்கலாம். பழைய ஆய்வுகளோடு இதையும் சேர்த்தபோது மொத்தப் பலன் 11 சதவீதமாக இறங்கியது. குழந்தைகளுக்கு மருந்து சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்ற விமர்சனம் டெவ்டா மீது உண்டு, அந்த விவாதம் நியாயமானது. ஆனால் முடிவு வெளிவந்தால்தான் விவாதமே நடக்கும். உலகின் மிகப்பெரிய ஆய்வு அத்தனை ஆண்டு கணக்கில் சேராமல் இருந்தபோது, கொள்கை வகுத்தவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வே செய்யாத மருத்துவருக்கும் இது பயன்படும். ரெப் வந்து பளபளப்பான ரீப்ரிண்ட்டை நீட்டும்போது பதிவு எண்ணைக் கேளுங்கள். இருந்தால் செல்போனிலேயே பதிவேட்டைத் திறந்து, அதில் சொன்ன முதன்மை அவுட்கமும் கட்டுரையின் தலைப்பில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

வேலை எங்கே இருக்கிறது

இந்தத் திறமைக்குச் சந்தை உண்டு, தருமபுரியிலிருந்து எட்டும் தூரத்திலேயே. வேலூர் சி.எம்.சி.யில் காக்ரேன் அமைப்பின் தெற்காசியப் பணி வளர்ந்தது. சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது, முதுநிலை மாணவர்கள் கட்டாயமாக முடிக்கும் பி.சி.பி.ஆர். இணையப் படிப்பை நடத்துவது அவர்கள்தான். எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணம் போகலாம் என்று மதிப்பிடும் எச்.டி.ஏ.இன் அமைப்பு 2017 முதல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் இயங்குகிறது, அதற்கு ரிவ்யூ தெரிந்தவர்கள் வேண்டும். பெங்களூரிலும் சென்னையிலும் மருந்து கம்பெனிகளுக்கு இலக்கிய ஆய்வு செய்து தரும் நிறுவனங்கள் பி.ஃபார்ம், பார்ம்.டி., நர்சிங் முடித்தவர்களையும் எடுக்கின்றன. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்த ஒருவர், மெட்டா அனாலிசிஸும் பதிவேட்டுத் தேடலும் கற்றுக்கொண்டால் மருத்துவக் கல்லூரிகளில் அவரைத் தேடி வருவார்கள்.

நேர்காணலில் சான்றிதழ்களைவிட, முடித்த ஒரு வேலை பேசும். பிராஸ்பெரோ தளத்தில் ரிவ்யூ திட்டத்தை முன்கூட்டிப் பதிவு செய்து, இரண்டு நண்பர்களோடு சிறிய கேள்வி ஒன்றை முடித்துக் காட்டுங்கள். ‘வெளியிடப்படாத ஆய்வுகளை எப்படித் தேடினீர்கள்?’ என்று கேட்டால், எத்தனை மெயில் அனுப்பினீர்கள், எத்தனைக்குப் பதில் வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். கம்பெனியில் சேர்ந்தபின் சாதகமான ஆய்வுகளை மட்டும் எடுக்கச் சொல்லும் சூழல் வரலாம். தேடல் விதிகளை முன்பே எழுத்தில் உறுதிசெய்து வாங்கியிருந்தால் மறுப்பது சுலபம்.

கடைசியாக, கல்லூரியை விட்டுக் கிளம்பும் மாதத்துக்கான வேலை. ஆய்வேடு கட்டுரையாகாமல் போவதற்கு முக்கியக் காரணம், மாணவர் தேர்வு முடிந்ததும் பாண்டு சர்வீஸுக்கு எங்கோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுவதுதான். தேர்வு முடிவு வரும் முன் முதல் வரைவைக் கைடு மேசையில் வையுங்கள். யார் முதல் ஆசிரியர், யார் தொடர்பு ஆசிரியர், ஆறு மாதத்துக்குள் நீங்கள் அனுப்பாவிட்டால் யார் அனுப்பலாம் என்பதை ஒரு மெயிலில் எழுதி இருவரும் ‘சரி’ என்று பதில் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளிகளின் பெயர் நீக்கிய டேட்டா ஷீட்டையும், எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்ற விளக்கத் தாளையும் டிபார்ட்மென்ட்டில் ஒப்படையுங்கள். சி.டி.ஆர்.ஐ. கணக்கில் மின்னஞ்சல் முகவரி நீங்கள் தொடர்ந்து பார்ப்பதுதானா என்று சரிபாருங்கள். ஆய்வின் நிலையை ‘முடிந்தது’ என்று மாற்றுங்கள். கட்டுரையோ முன்பதிப்போ வந்ததும் அதன் விவரத்தை வெளியீட்டுக் கட்டத்தில் சேருங்கள்.